திருமேனியும் பரிசோதனைக் கருவியும்: உபாதான விசாரம் பற்றிய ஓர் அதிகரணம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமானுஜாய நம:

சென்ற ஆனி மாதத்தில் ராயபுரத்துக்கு அருகே ஒரு ஸந்நிதியில் ஜ்யேஷ்டாபிஷேகம் நடந்தேறியது. உத்ஸவருக்குச் சாற்றியிருந்த கவசம் களையப்பட்டு, ஆண்டுக்கொரு முறையே கிடைக்கும் அந்த ஸேவை அனைவருக்கும் வாய்த்தது. சாற்றுமறை முடிந்து தீர்த்தம் பெற்றபின், கோஷ்டியிலிருந்த ஓர் இளைஞர் அடியேனிடம் வந்தார். மணலிப் பக்கத்தில் ஓர் ஆலையில் பணிபுரிபவர்.

"ஸ்வாமி, எங்கள் ஆலையில் குழாய் வந்து இறங்கினால், அது கேட்ட உலோகந்தானா என்று பார்க்க ஒரு கைக்கருவி வைத்திருக்கிறோம். குழாயின்மேல் வைத்து அழுத்தினால் ஓரிரு நிமிடத்தில் எந்த உலோகம் எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடும். கீறவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். அதே கருவியைக் கொண்டு விக்ரஹங்களையும் பார்க்கிறார்களாம். பாட்டியிடம் சொன்னேன். பெருமாளை அப்படி நினைத்ததே அபசாரம் என்று கோபித்துக்கொண்டாள். பாட்டி சொல்வது சரிதானா?" என்று கேட்டார்.

பாட்டியார் சொன்னது வெறும் அச்சத்தில் பிறந்த சொல் அன்று. அதன் பின்னே பூர்வாசார்யர்களின் வாக்கு நிற்கிறது. இளைஞர் கேட்டதும் வெறும் ஆவலால் எழுந்த கேள்வி அன்று. அன்று கவசம் களைந்தபோது திருமேனியில் பச்சைப் பொடி பூத்திருந்ததை அவரும் கண்டார், அடியேனும் கண்டேன். ஆகவே நின்ற இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதிகரணத்துக்கு உரிய விஷயம், ஸம்சயம், பூர்வபக்ஷம், ஸித்தாந்தம், பிரயோஜனம் என்ற ஐந்து அங்கங்களையும் பற்றி நின்று, இதனை இங்கே விசாரிக்கிறேன்.

விஷயம்

நம் செப்புத் திருமேனிகளைப் பரிசோதனைச் சாலையில் வைத்துப் பார்ப்பது புதிதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே இரசாயனப் பாதுகாப்புக்கூடம் ஏற்பட்டது. அதனை நடத்திய எஸ். பரமசிவன், களிம்பேறி நலிந்த படிமங்களை மின்பகுப்பு முறையால் தேற்றினார். தஞ்சைப் பெரிய கோயிற் சுவரோவியங்களின் சுதையையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. பிற்காலத்தில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள், அணு உலைக் கலங்களில் குறை காண்பதற்கென்று வளர்த்த முறைகளை அதே அருங்காட்சியகத்தின் படிமங்களுக்குப் பயன்படுத்தினர்.

இம்முறைகளில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது, அந்த இளைஞர் சொன்ன கைக்கருவி. எக்ஸ் கதிர் ஒளிர்வு என்பது அதன் தத்துவம். கருவி விடும் கதிர், உலோக அணுவின் உள்வட்டத்திலுள்ள ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. வெளிவட்டத்து எலக்ட்ரான் ஒன்று அவ்விடத்தை நிரப்ப இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய அளவில் ஒரு கதிரை உமிழ்கிறது. செம்புக்கு ஓர் அளவு, வெள்ளீயத்துக்கு ஓர் அளவு, காரீயத்துக்கு வேறோர் அளவு. அவற்றை எண்ணிக் கருவி கணக்குச் சொல்கிறது. ஆயினும் அது காண்பது மேற்பரப்பை மட்டுமே. ஒரு மயிரிழையின் கனத்தைத் தாண்டி உள்ளே பார்ப்பது அதற்கு அரிது. களிம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனமும் படிந்த இடத்தில் வைத்தால், அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு மயக்கும்.

இரண்டாவது ஊடுகதிர்ப் படம். மருத்துவர் எலும்பைப் பார்ப்பதுபோல் திருமேனியின் உள்ளே பார்ப்பது. நம் தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பாக இருப்பதால், மருத்துவமனைக் கதிர் போதாது. அதனினும் வலிய எக்ஸ் கதிரோ காமா கதிரோ வேண்டும். வார்ப்பில் காற்றுக்குமிழ் தங்கிய இடமும், முன்பொரு காலத்தில் திருக்கை முறிந்து ஒட்டவைத்த இடமும் இதனால் புலப்படும்.

மூன்றாவது காரீயத்தின் ஐசோடோப்பு ஆய்வு. காரீயத்தில் 204, 206, 207, 208 என நான்கு வகை அணுக்கள் உள்ளன. யுரேனியமும் தோரியமும் காலப்போக்கில் சிதைந்து பின்னைய மூன்றையும் உண்டாக்குவதால், ஒரு சுரங்கத்துக் காரீயத்தில் இவற்றின் விகிதம் ஒருவிதமாகவும் வேறு சுரங்கத்தில் வேறுவிதமாகவும் அமையும். பெங்களூர் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாஸன், சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டன் அருங்காட்சியகங்களிலும் உள்ள சுமார் 130 தென்னாட்டுப் படிமங்களின் உலோகக் கலப்பை ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு பகுதிக்கு இந்த விகிதத்தையும் கண்டார். பல்லவர், சோழர், விஜயநகரத்தார் எனக் காலத்துக்கேற்ப உலோகம் வேறு வேறு கூட்டமாகப் பிரிவதை அவர் காட்டினார். ஆனால் இதற்குத் திருமேனியிலிருந்து கடுகளவேனும் உலோகத்தைத் துளைத்து எடுத்தாக வேண்டும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. வார்த்த உலோகத்தின் வயதைத் தானே நேராகச் சொல்லவல்ல கருவி எதுவும் இல்லை. கரியையும் மரத்தையும் நெல்லையும் காலம் கணிக்கும் கார்பன் முறை செம்புக்குப் பொருந்தாது. காலம் அறிந்த வேறு திருமேனிகளோடு ஒப்பிட்டே உலோக ஆய்வு காலத்தை அனுமானிக்கிறது.

ஸம்சயம்

இத்தகைய ஆய்வு, ஆராதனத்தில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சாமூர்த்தியின் விஷயத்தில் செய்யத்தக்கதா, தகாததா என்பது ஐயம்.

பூர்வபக்ஷம்

தகாது என்பார் மூன்று காரணம் சொல்வர்.

ஒன்று: பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அர்ச்சாவதார விஷயத்தில் உபாதான ஸ்மிருதியைக் கொடிய குற்றமாக எடுத்திருக்கிறார். இந்தப் பெருமாள் செம்பு, இவர் சிலை என்று மூலப்பொருளை நினைப்பது, பெற்ற தாயைத் தகாத கண்ணால் பரீக்ஷிப்பதற்கு ஒப்பு என்பது சாஸ்த்ர ஸம்மதம். நினைப்பதே குற்றமானால், கருவி வைத்து அளப்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டு: திருமேனியைத் தீண்ட அர்ச்சகருக்கே அதிகாரம். ஆலைக்குழாயைத் தொட்ட கருவி அங்கே செல்லலாகாது.

மூன்று: கருவி சொல்லும் கணக்கால் பக்தி தளரும். ஐம்பொன் என்று நம்பியிருக்கும் அடியார்களிடம், பொன்னும் வெள்ளியும் அளவிடத்தக்க அளவில் இல்லை என்று ஒருவர் சொன்னால் என்னாவது? மேற்சொன்ன ஆய்வில் பெரும்பாலான படிமங்கள் செம்பும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தவையாகவே காணப்பட்டன. பொன்னும் வெள்ளியும் சுவட்டளவே தென்பட்டன.

ஸித்தாந்தம்

முதற் காரணத்தை முதலில் ஆராய்வோம். உபாதான ஸ்மிருதி என்று ஆசார்யர் விலக்கியது எதை? திருமேனி உலோகத்தால் ஆனது என்ற அறிவை அன்று. அந்த அறிவு இல்லாமல் ஸ்தபதி வார்க்க முடியாது. அர்ச்சகர் புளியிட்டுத் துலக்கவும் முடியாது. இவர் செம்புதானே என்று எம்பெருமானின் பரத்வத்தைக் குறைத்து மதிப்பதையே விலக்கினார். பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமி என்ற நிலைகளில் உள்ளவனே அர்ச்சையிலும் குறைவற நிற்கிறான் என்பது நம் தரிசனம். பொருளை வைத்து அவனை எடைபோடுவது அந்தத் தரிசனத்துக்கு விரோதம்.

ஆகமங்களைப் பார்த்தாலும் இதுவே தெளிவாகும். பிரதிஷ்டைக்கு முன் சிலையைப் பரீக்ஷிக்கச் சொல்கின்றன. தட்டி ஓசை கேட்டு ஆண்சிலை, பெண்சிலை, அலிச்சிலை என்று பிரிப்பதும், மருந்துப் பூச்சுப் பூசி இரவு வைத்திருந்து, எழும் நிறத்தைக் கொண்டு உள்ளே கர்ப்பம் என்னும் குறை இருக்கிறதா என்று அறிவதும் சிற்ப நூல்கள் கூறுபவை. ஊடுகதிர்ப் படம் செய்ய முயல்வதும் அதுவே. பிரதிஷ்டைக்குப் பின்னும், திருமேனி ஜீர்ணமானால் பாலாலயம் செய்து, ஸாந்நித்யத்தைக் கும்பத்தில் எழுந்தருளப்பண்ணி, அதன்பின் குறையை ஆராய்ந்து திருத்தும் விதி பாஞ்சராத்ரம், வைகானஸம் இரண்டிலும் உண்டு. எனவே பொருளைப் பரீக்ஷிப்பது சாஸ்த்ரத்தில் அடியோடு விலக்கப்பட்டதன்று. காலமும் முறையும் நோக்கமும் வகுக்கப்பட்ட காரியம் அது. காப்பதற்காகப் பார்ப்பவன் பார்வை வேறு. குறைப்பதற்காகப் பார்ப்பவன் பார்வை வேறு.

ஆசார்யரின் அநுஷ்டானம் அவருடைய வாக்குக்கு வ்யாக்யானம் என்பது நம் ஸம்ப்ரதாயம். 1323ஆம் ஆண்டில் திருவரங்கத்தின்மேல் டில்லிப் படை வந்தபோது, அழகியமணவாளன் உத்ஸவத் திருமேனியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்டவர் யார்? உபாதான ஸ்மிருதி கூடாது என்று அருளிச்செய்த அதே பிள்ளை லோகாசார்யர். தள்ளாத பிராயத்தில் காட்டுவழி நடந்து, ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். பொருள் முக்கியமன்று என்பதற்குத் திருமேனியைக் காக்க வேண்டுவதில்லை என்று அவர் அர்த்தம் கொள்ளவில்லை. ஸர்வரக்ஷகனானவன் அர்ச்சையில் நம் கையை எதிர்பார்த்து நிற்கிறான். அர்ச்சக பராதீனனாய், நீராட்டினால் நீராடி, களவு போனால் களவுபோய், எல்லாவற்றுக்கும் இசைந்திருக்கிறான். அந்த ஸௌலப்யத்தைக் கண்டு, காப்பவனுக்கே காப்புச் சொன்னவர் பெரியாழ்வார். அவர் வழியில் வந்தவர்களுக்குத் திருமேனியைப் பேணுவது ஸ்வரூபத்தில் சேர்ந்தது.

அந்த வரலாற்றின் பின்பகுதி நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. 1371ஆம் ஆண்டில், 48 ஆண்டுகளுக்குப் பின், கோபணாரியரின் உதவியால் அழகியமணவாளன் திருவரங்கத்துக்குத் திரும்ப எழுந்தருளினார். இடைக்காலத்தில் அங்கே வேறோர் உத்ஸவர் எழுந்தருளப்பண்ணப்பட்டிருந்தார். எவர் பழைய பெருமாள் என்பதை அறிந்த பெரியோர் எவரும் அப்போது மிஞ்சியிருக்கவில்லை. அப்போது பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்துவந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் வந்தார். கண்பார்வை இழந்தவர். திருமஞ்சனமாடிய ஈர வஸ்த்ரத்தின் தீர்த்தத்தைக் கொண்டு, இவரே நம் பெருமாள் என்று அறுதியிட்டார் என்று கோயிலொழுகு கூறும். நம்பெருமாள் என்ற திருநாமம் அவர் வாயிலிருந்து வந்தது.

இங்கே நின்று ஸ்ரீவசனபூஷணத்தை மீண்டும் நோக்க வேண்டும். அங்கே ஆசார்யர் உபாதான ஸ்மிருதியைத் தனியே எடுக்கவில்லை. அடியார்களின் பிறப்பை ஆராய்வது அதைவிடவும் கொடிது என்று நிலைநாட்டுவதற்காகவே எடுத்தார். அவ்வாறு எழுதியவர் காத்துக் கொடுத்த திருமேனியை அடையாளம் காட்ட, உலகத்தார் பிறப்பை ஆராயக்கூடிய ஓர் ஈரங்கொல்லியின் நாவே பிரமாணமாயிற்று. ஸ்ரீரங்கத்துப் பெரியோர் அந்தச் சாட்சியை ஏற்றனர். உபாதானம் பேசிக் கருவியைத் தடுப்பவர்கள், அதே வாக்கியத்தின் மறுபாதியைத் தாம் எவ்வளவு காத்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

இந்த இதிஹாஸத்தால் ஸித்திப்பது இது: எவர் பழைய திருமேனி என்ற ஐயம் வந்தபோது, அதனை விசாரிப்பதை நம் முன்னோர் அபசாரமாகக் கருதவில்லை. இந்த்ரியத்தால் அறியத்தக்கதை இந்த்ரியத்தால் அறிந்தனர். பிரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்ற மூன்று பிரமாணங்களையும் கொள்பவர்கள் நாம். திருமேனியில் காரீயம் உண்டா என்பது பிரத்யக்ஷ, அநுமானங்களின் எல்லை. அங்கே எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறானா என்பது சப்தத்தின் எல்லை. முன்னதைச் சொல்லும் கருவி பின்னதைப் பற்றி வாய்திறவாது. அதனிடம் அதைக் கேட்பவனே பிழை செய்கிறான்.

இரண்டாம் காரணம் முறையைப் பற்றியது. அதை முறையால் தீர்க்கலாம். கைக்கருவியைத் திருமேனியில் படாமல் மிக அருகே நிறுத்தியும் பார்க்க இயலும். அர்ச்சகர் திருமேனியைப் பிடிக்க, பரிசோதகர் விலகி நின்று கருவியை இயக்கலாம். ஸ்நபனத்துக்கு முன் செய்தால், அதன்பின் ஸம்ப்ரோக்ஷணமும் திருமஞ்சனமும் தொடரும். எவை வேண்டும் என்பதை அந்தந்த ஸந்நிதியின் ஆகமம் அறிந்தவர்கள் நிச்சயிக்க வேண்டும். ஆனால் துளையிட்டு உலோகம் எடுக்கும் ஆய்வை, ஆராதனத்தில் உள்ள திருமேனிக்கு எக்காரணத்தாலும் செய்யலாகாது என்பது அடியேனின் துணிபு. அருங்காட்சியகத்தில் உள்ளவற்றுக்கு அதனைச் செய்திருக்கிறார்கள்; அங்கே கிடைத்த கணக்கே ஒப்பிடப் போதும்.

மூன்றாம் காரணத்துக்கு ஸமாதானம் எளிது. வார்ப்புக் காலத்தில் உருகிய செம்பில் பொன்னும் வெள்ளியும் சிறிதளவு சேர்க்கும் வழக்கம் ஸ்தபதிகளிடம் இன்றும் உண்டு. அது ஸமர்ப்பணம், விகிதக் கணக்கு அன்று. சுவட்டளவு பொன்னைக் கருவி கண்டதென்றால், ஓர் அடியவர் கழற்றிக் கொடுத்த மூக்குத்தியாகவும் அது இருக்கலாம். அதற்கு மேல் பொன் இல்லாததால் ஸாந்நித்யம் குறைந்ததென்று எண்ணுவதே மேற்சொன்ன உபாதான ஸ்மிருதி.

பிரயோஜனம்

இவ்விசாரத்தின் பயன் இரண்டு: திருமேனிகளை நோயினின்று காத்தல், களவினின்று மீட்டல்.

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டியே ஊர்கள் அமைந்திருக்கின்றன. ஆளுநர் காலெட் பெயரால் அமைந்த காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜர் எழுந்தருளியிருக்கும் தலமும் அவற்றுள் ஒன்று. இங்கே வீசும் காற்றில் உப்பு உண்டு; ஆலைகளின் புகையும் நிலக்கரிப் புகையும் உண்டு. புகையிலுள்ள கந்தகம் செம்பைக் கருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதனினும் கொடியது. அது செம்போடு சேர்ந்து உள்ளே தங்கி, ஈரமும் காற்றும் பட்டபோது வெளிர்ப்பச்சைப் பொடியாகப் பூக்கும். அப்போது உண்டாகும் அமிலம் மேலும் செம்பைத் தின்னும். அது மறுபடியும் பூக்கும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். சாதாரணக் களிம்பு திருமேனிக்குப் போர்வை போன்றது, கெட்டியாய்ப் பற்றியிருக்கும். நோய்க் களிம்போ தொட்டால் உதிரும். கவசத்துக்குள் ஈரம் தங்கிய இடத்தில் இது வளர்வதை வெளியிலிருந்து காண முடியாது. முற்கூறிய ஸந்நிதியில் நாங்கள் கண்ட பச்சைப் பொடி எவ்வகை என்பதை அறிந்தவர்கள் வந்து பார்த்தே சொல்ல வேண்டும்.

நோயைவிட மருந்து கொடிதாவதும் உண்டு. அடியேன் சிறுவயது முதல் ஸேவித்துவந்த ஒரு திருமேனியை, பக்தியால் ஒருவர் கடையில் வாங்கிய மெருகுப் பசையால் ஆண்டுதோறும் தேய்த்துவந்தார். திருமூக்கும் திருவதரமும் மழுங்கிப்போயின. எவ்வளவு மழுங்கின என்று காட்ட அந்த ஸந்நிதியில் பழைய புகைப்படம் ஒன்றும் இல்லை. அடியேன் நினைவில் உள்ள திருமுகத்தை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியவில்லை.

களவின் விஷயத்திலும் இதுவே பாடம். 1976இல் தஞ்சை நாட்டுப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர் லண்டன் சேர்ந்து, அங்கே வழக்கு நடந்தபோது, திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் உடன் கிடைத்த படிமங்களோடு ஒப்பிட்டுச் சாட்சியாக்கப்பட்டன. 1991இல் அவர் நாடு திரும்பினார். நம் தலங்களில், கும்பகோணத்துக்கு அருகே சுந்தரபெருமாள் கோயில் ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதித் திருமங்கையாழ்வார், ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தால் 1967இல் ஏலத்தில் வாங்கப்பட்டிருந்தார். வழிமறித்தவரே வழிப்பறி போனார். அவரை முதலில் காட்டிக்கொடுத்தது பெருங்கருவி எதுவும் அன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1957இல் அந்த ஸந்நிதியில் எடுத்துவைத்த ஒரு புகைப்படமே. 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தர இசைந்தது. 1978இல் ஆனந்தமங்கலத்தில் களவுபோன ஸ்ரீராமர், பிராட்டி, இளையபெருமாள் ஆகியோரும் அதே நிறுவனத்தின் படங்களால் அடையாளம் காணப்பட்டு, 2020இல் லண்டனில் நம் நாட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

திருமங்கையாழ்வாருக்குப் பதிலாகக் கோயிலில் வைக்கப்பட்டிருந்த திருமேனியை இத்தனை ஆண்டும் ஸேவித்தவர்களின் ஸேவை வீணோ என்று சிலர் கலங்கினர். அதற்கும் திருவரங்கமே விடை. ஈரங்கொல்லி நம்பெருமாளை அறுதியிட்டபின், மற்ற உத்ஸவரை யாரும் அப்புறப்படுத்தவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு அவர் இன்றும் எழுந்தருளியிருக்கிறார். எது பழையது என்று நிச்சயிப்பது வேறு. அடியாரின் அஞ்சலி எங்கே சென்று சேர்ந்தது என்பது வேறு.

ஆகவே அந்த இளைஞருக்கும், நம் கைங்கர்யபரர்களுக்கும் அடியேனின் விண்ணப்பம் இது. ஜ்யேஷ்டாபிஷேகமே திருமேனியைத் தேய்மானத்திலிருந்து காக்க ஏற்பட்ட உத்ஸவம். கவசம் களைந்த அந்த நாளிலேயே, அர்ச்சகர் முன்னிலையில், நான்கு புறமும் பீடத்தின் அடியும் தெரியப் புகைப்படம் எடுக்கலாம். உயரமும் எடையும் பீடத்து எழுத்தும் பழைய ஒட்டும் வெடிப்பும் எழுதிவைக்கலாம். பச்சைப் பொடி இருந்தால் அருங்காட்சியகப் பாதுகாப்பாளரை அழைக்கலாம். நாமே தேய்க்க வேண்டாம். கருவி உள்ளவர்கள் கைங்கர்யமாகக் கொண்டுவந்தால் அதன் கணக்கையும் சேர்க்கலாம். அதைச் செப்புத்தகடு போலப் போற்றி, ஒரு பிரதியை ஸந்நிதிக்கு வெளியேயும் வைக்க வேண்டும். புகைப்படத்துக்குச் செலவு மிகக் குறைவு. பயனோ மிகப் பெரிது என்பதை 1957 காட்டிவிட்டது.

பாட்டியார் அஞ்சியது நியாயமே. பெருமாளைச் செம்பென்று எண்ணும் பேரன் தம் வீட்டில் பிறந்துவிட்டானோ என்று அஞ்சினார். அப்படியில்லை; பெருமாள் திருமேனிக்கு நோய் வந்துவிடக்கூடாதே என்று கலங்கும் பேரன் பிறந்திருக்கிறான் என்று அவரிடம் சொல்லும்படி அந்த இளைஞரிடம் கூறினேன். அடுத்த ஆனிக்கு அவரையும் உடன் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

இதில் குற்றம் குறை இருப்பின் பெரியோர் பொறுத்து, திருத்திப் பணிகொள்ள வேண்டும்.

அடியேன்.